கூட்டம் இருக்கிறது, ஆள்தான் இல்லை: சென்னை ஹோட்டல் தொழில் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் சிறியதும் நடுத்தரமுமான சில ஹோட்டல்கள், மெஸ்கள், லாட்ஜ்களுக்குக் கணக்கு பார்ப்பது என் பிழைப்பு. இது தெரிந்துவிட்டால் கல்யாணப் பந்தியில்கூடப் பக்கத்து இலைக்காரர் விடமாட்டார். தோசை ஏன் இந்த விலை, பையனைக் கேட்டரிங்கில் சேர்க்கலாமா, வேலையை விட்டுவிட்டு ஒரு கஃபே போடலாமா என்று ஆரம்பித்துவிடுவார். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் வைக்கிறேன். முதலாளி பக்கம் சாய்ந்துவிட்டேன் என்று சிலருக்கும், தொழிலாளி பக்கம் சாய்ந்துவிட்டேன் என்று முதலாளிகளுக்கும் தோன்றலாம். பரவாயில்லை.

எந்த ஹோட்டலைப் பார்த்தாலும் கூட்டம் வழிகிறது. அப்புறம் ஏன் கட்டுப்படியாகவில்லை என்று புலம்புகிறார்கள்?

நீங்கள் சாப்பிடப் போகிற நேரத்தில்தான் ஊரே சாப்பிடப் போகிறது. அதனால் கூட்டமாகத் தெரிகிறது. காலை எட்டு முதல் பத்து, மதியம் ஒன்று முதல் இரண்டரை, இரவு எட்டு முதல் பத்து. இந்த ஐந்தரை மணி நேர வியாபாரம்தான் முழு நாள் வாடகையைக் கட்ட வேண்டும். மதியம் மூன்றரை மணிக்கு அதே ஹோட்டலுக்குள் நுழைந்து பாருங்கள். நான்கு மேசையில் காபி, பாக்கி மேசைகளில் மின்விசிறிக் காற்று மட்டும்.

நான் பார்க்கும் கணக்குகளில் நூறு ரூபாய் வசூலானால் அரிசி, பருப்பு, எண்ணெய், காய்கறி, பால் என்று முப்பத்தைந்து, நாற்பது ரூபாய் முதலிலேயே போய்விடும். சம்பளம், ஆட்களின் சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் சேர்த்து இருபதுக்கு மேல். வாடகை பதினைந்தைத் தாண்டினால் அந்தக் கடை தேறுவது கஷ்டம். அதன்பிறகு கேஸ், கரண்ட், தண்ணீர் லாரி, பழுதான கிரைண்டர். எல்லாம் போகப் பத்து ரூபாய் நின்றால் அது நல்ல ஹோட்டல்.

மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் பழைய ஹோட்டல்கள் சில இன்னும் நிற்பதற்கு ருசியை மட்டும் காரணமாகச் சொல்வார்கள். சொந்தக் கட்டடமும், பல வருஷத்துக்கு முன் பேசிய வாடகையும்கூடக் காரணம். அதை யாரும் பேட்டியில் சொல்வதில்லை.

ஹோட்டல் சாப்பாட்டுக்கு ஜிஎஸ்டி வெறும் 5 சதவீதம்தானே? பிறகு வரியைக் குறை சொல்வது ஏன்?

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது ஏசி இல்லாத ஹோட்டலுக்கு 12, ஏசி ஹோட்டலுக்கு 18 என்று இருந்தது. அதே ஆண்டு நவம்பரில் இரண்டையும் 5 ஆக்கினார்கள். சாப்பிடுபவருக்கு நல்ல செய்தி. ஆனால் கூடவே ஒரு நிபந்தனை வந்தது: ஹோட்டல்காரர் தான் வாங்கும் பொருளுக்கும் சேவைக்கும் கட்டிய ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்ள முடியாது. வணிக சிலிண்டருக்கு 18, கடை வாடகைக்கு 18, கல்லாவில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு 18. எல்லாம் செலவாகவே நின்றுவிடும். பில்லில் தெரிகிற 5 ரூபாய்க்குப் பின்னால், தெரியாத வரி தோசை விலைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

பெரிய நட்சத்திர ஹோட்டலில் கதை வேறு. அறை வாடகை ஒரு நாளுக்கு 7,500 ரூபாயைத் தாண்டும் ஹோட்டல்களில், உள்ளே இருக்கும் உணவகத்துக்கு 18 சதவீதம். பொருளும் சேவையும் வாங்கும்போது கட்டிய அந்த வரியை, அதாவது உள்ளீட்டு வரியை, அவர்களால் கழித்துக்கொள்ள முடியும்.

இத்தனைக்கும் நடுவில் ஒரு வேடிக்கை. மசாலா தோசை பத்து ரூபாய் ஏறினால் முணுமுணுப்போடு விட்டுவிடுவார்கள். காபி இரண்டு ரூபாய் ஏறட்டும், கல்லாவில் சண்டை நிச்சயம்.

பில்லில் சர்வீஸ் சார்ஜ் போட்டால் கட்டித்தான் ஆக வேண்டுமா?

வேண்டாம். 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று சொன்னது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எடுக்கச் சொல்லுங்கள், எடுப்பார்கள். நம்மூர் டிபன் ஹோட்டல்களில் இந்தப் பேச்சே கிடையாது.

ஆளே கிடைப்பதில்லை என்கிறார்கள். வேலையில்லாத் திண்டாட்டம் இருக்கிற நாட்டில் இது எப்படி?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

இந்த ஊரின் ஹோட்டல் தொழிலே வெளியூர்க்காரர்களால் வளர்ந்தது. உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்து, சமையலறை எடுபிடியாக வேலையைத் தொடங்கிய கே. கிருஷ்ணா ராவ்தான் 1938ல் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸை ஆரம்பித்தார். அவருக்குப் பின்னால் தென்மாவட்டங்களிலிருந்து பையன்கள் வந்தார்கள். கிளீனராகச் சேர்ந்து, சப்ளையராகி, கை பழகிச் சமையல் செய்கிற சரக்கு மாஸ்டராகி, கடைசியில் சொந்த ஊர்ப் பெயரில் ஒரு டிபன் சென்டர் போட்டவர்கள் எத்தனையோ பேர். சம்பளம் அப்போதும் குறைவுதான், வேலை நேரம் அப்போதும் அதிகம்தான். ஆனால் அடுத்த படி கண்ணுக்குத் தெரிந்தது.

இப்போது அந்த மாவட்டங்களின் பிள்ளைகள் பாலிடெக்னிக்கும் இன்ஜினியரிங்கும் படிக்கிறார்கள். நல்லதுதான், அதில் புலம்ப ஒன்றும் இல்லை. அவர்கள் இடத்தில் அசாம், பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், நேபாளம் என்று ஆட்கள் வருகிறார்கள். ஹோலிக்கு, சட் பூஜைக்கு, ஊரில் தேர்தல் வந்தால் அதற்கு என்று ரயில் ஏறிவிடுகிறார்கள். பாதிப் பேர் திரும்பி வேறு ஹோட்டலுக்குப் போவார்கள். 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்களை இங்கே தாக்குகிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவியபோது, ஹோலியும் சேர்ந்துகொண்டது. மேசை துடைக்க முதலாளியின் மச்சான் வந்து நின்ற ஹோட்டலைப் பார்த்தேன்.

ஏன் ஓடுகிறார்கள் என்று கேட்டால் முதலாளிகள் "இருநூறு ரூபாய் கூடக் கொடுத்தால் போய்விடுவான் சார்" என்பார்கள். அது பாதி உண்மை. மீதியைப் பார்க்க வேண்டுமானால் ஹோட்டலின் மாடிக்குப் போக வேண்டும். வடபழனி பக்கம் ஒரு ஹோட்டல், பெயர் வேண்டாம். மூன்றாவது மாடியில் தகரக் கூரை போட்ட ஒரே அறை. பத்துப் பன்னிரண்டு பாய்கள், ஒரு மின்விசிறி, ஒரு பாத்ரூம். ஒரே பிளக்கிலிருந்து கிளை விட்டுப் போகிற செல்போன் சார்ஜர்கள். கதவுக்குப் பின்னால் ஈர யூனிபார்ம். ஏப்ரல் மாத இரவில் பதினொன்றரைக்கு வேலை முடித்து வருகிறவன் அந்தத் தகரத்துக்குக் கீழே படுத்து, காலை ஐந்து மணிக்கு இட்லித் தட்டு போட எழுந்திருக்க வேண்டும். நடுவில் மதியம் பிரேக் உண்டு. ஆனால் அந்தப் பிரேக்கை எங்கே உட்கார்ந்து கழிப்பது? அதே தகரக் கூரைக்குக் கீழேதான்.

என் கணக்குப் புத்தகத்துக்கு வருகிறேன். இப்படிப்பட்ட ஹோட்டல்களில் சம்பளக் கணக்குக்குப் பக்கத்திலேயே இன்னொரு பக்கம் ஓடும்: ஆள் பிடித்துக் கொடுத்த புரோக்கருக்குக் கமிஷன், அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு சொல்லாமல் போனவர்களின் பாக்கி. வருஷக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் தலை சுற்றும். வாடிக்கையாளர் ஒருவர், வளசரவாக்கத்தில் ஹோட்டல் வைத்திருப்பவர், இந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு வேறு மாதிரி செய்தார். பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தார். வாரம் ஒரு நாள் லீவு என்பதை வாய்ப்பேச்சாக விடாமல், அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினார். காலை, மாலை என்று உடைத்துப் போட்ட வேலையை ஒரே நீட்டு ஷிப்டாக மாற்றினார். பிஎஃப், ஈஎஸ்ஐ எல்லோருக்கும். சம்பளச் செலவு ஏறியது. புரோக்கர் பக்கம் கிட்டத்தட்ட காலியானது. ஹோலிக்குப் போன ஆட்கள் தாங்களே தம்பி, மைத்துனன் என்று கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

லாபம் பெரிதாகக் கூடியதா? இல்லை. ஆனால் அவர் இப்போது இரவில் தூங்குகிறார். இரண்டாவது கிளை போடலாம் என்று பேசுகிறார்.

வடமாநிலத்து ஆள் வைத்தால் சாம்பார் ருசி போய்விடாதா?

ஒடிசாக்காரர் வைத்த வத்தக்குழம்பைச் சாப்பிட்டுவிட்டு "மாஸ்டர் எந்த ஊர், தஞ்சாவூரா?" என்று கேட்டவர்களை எனக்குத் தெரியும். சொல்லிக்கொடுக்கிறவர் இருந்தால் யார் கையிலும் வரும். ருசி போவதற்குக் காரணம் வேறு. சொல்லிக்கொடுக்கிற பழைய மாஸ்டருக்கு அறுபது வயதாகிறது. அவர் கைப்பக்குவத்தை யாரும் எடை போட்டு எழுதி வைக்கவில்லை.

கிளைகள் நிறைய உள்ள ஹோட்டல்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கின்றன. ஊருக்கு வெளியே ஒரு பொதுச் சமையல்கூடம், அங்கே மாவும் பொடியும் குழம்பும் தயாராகி வேனில் வரும். எல்லாக் கிளையிலும் ஒரே ருசி கிடைக்கும். மோசமாக இருக்காது, பிரமாதமாகவும் இருக்காது. எனக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை. ஆனால் அதுதான் பெருகப்போகிறது என்பதில் சந்தேகமும் இல்லை.

ஸ்விகி, சொமேட்டோவால் ஹோட்டல்களுக்கு வியாபாரம் கூடித்தானே இருக்கிறது?

வியாபாரம் கூடியிருக்கிறது. கையில் நிற்பது வேறு கணக்கு. ஓர் உதாரணம் போட்டுக் காட்டுகிறேன். மெனு விலை 300 ரூபாய் ஆர்டர். அதில் ஹோட்டல் ஏற்கும் தள்ளுபடி 30 என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 270. கமிஷன் ஹோட்டலுக்கு ஹோட்டல் மாறும். 25 சதவீதம் என்றால் 67.50. அந்தக் கமிஷன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 12.15. டப்பா, கவர், சாம்பார் கப் என்று 15. கடைசியில் கைக்கு வருவது சுமார் 175. அரிசி பருப்புச் செலவு நூறைக் கழித்தால் 75. அதற்குள் சம்பளம், வாடகை, கேஸ். செயலியில் மேலே தெரிய வேண்டும் என்று விளம்பரம் போட்டால் அதுவும் இதிலிருந்துதான்.

அதனால்தான் செயலியில் விலை கூடவும் ஹோட்டலில் குறைவாகவும் இருக்கிறது. ஏமாற்று என்று நினைக்காதீர்கள். 2025 ஜூலையில் நாமக்கல் ஹோட்டல்காரர்கள் கமிஷன் கட்டுப்படியாகவில்லை என்று இந்தச் செயலிகளுக்கு உணவு கொடுப்பதையே நிறுத்தினார்கள். சென்னையில் அது நடக்காது. இங்கே மழை வந்தால், மேட்ச் வந்தால், ஐடி ஆபீஸில் நேரம் ஆனால் கை தானாகச் செயலிக்குத்தான் போகிறது. உங்கள் தெருவில் இருக்கிற ஹோட்டல்தானே, போன் போட்டுச் சொல்லிவிட்டு நடந்து போய் வாங்கிக்கொள்ளுங்கள். தூக்குவாளி கொண்டுபோனால் இன்னும் நல்லது. டப்பாவுக்குள் போன சாம்பார் ஆறிப் போய்த்தான் வீட்டுக்கு வரும்.

கொண்டுவருகிற பையனைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர் ஹோட்டல் ஆளும் இல்லை, செயலியின் ஊழியரும் இல்லை என்கிற நிலைதான் நீண்ட நாள் இருந்தது. தமிழ்நாட்டில் இவர்களுக்கென ஒரு நல வாரியம் வந்திருக்கிறது. 2025ல் சென்னை மாநகராட்சி அண்ணாநகரில் இவர்களுக்காக ஏசி ஓய்வறை ஒன்றைத் திறந்தது. சின்ன விஷயம்தான். மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு அதன் அருமை தெரியும்.

லாட்ஜ் தொழில் எப்படி இருக்கிறது?

எந்த இடத்து லாட்ஜ் என்பதைப் பொறுத்தது. தென்மாவட்டப் பேருந்துகள் 2023 டிசம்பர் கடைசியில் திறந்த கிளாம்பாக்கத்துக்குப் போன பிறகு, கோயம்பேட்டைச் சுற்றியிருந்த லாட்ஜ்களுக்கு விடியற்காலையில் பையோடு வந்து நிற்கிற ஆள் குறைந்துவிட்டார். "குளிச்சிட்டுப் போயிடறேன், ஒரு மணி நேரம்தான்" என்று கேட்பவர்களே அங்கே முன்பு பாதி வியாபாரம்.

கிரீம்ஸ் ரோடு பக்கம் வேறு உலகம். அப்போலோ 1983ல் தொடங்கியதிலிருந்து அந்தச் சந்துகள் மெல்ல மெல்ல நோயாளிகளுக்கும் உடன் வருபவர்களுக்குமான ஊராகிவிட்டன. வங்காள மொழியில் எழுதிய பலகை, மீன் குழம்பும் சோறும் விற்கும் மெஸ், அறையிலேயே சமைத்துக்கொள்ள அடுப்பு. 2024 ஆகஸ்டில் வங்கதேசத்தில் ஆட்சி கவிழ்ந்து, அங்கிருந்து வரும் நோயாளிகளுக்கு இந்திய விசா கிடைப்பது அரிதான பிறகு அந்தச் சந்துகளில் சாவிக்கொத்துகள் ஆணியிலேயே தொங்கின. கொல்கத்தா, வடகிழக்கிலிருந்து வருபவர்களால்தான் பலர் தாக்குப்பிடித்தார்கள். ஒரே ஊர்க்காரர்களை நம்பித் தொழில் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

வரிக்கணக்கு: 1,000 ரூபாய்க்குக் கீழான அறைகளுக்கு 2022 ஜூலை வரை ஜிஎஸ்டியே இல்லை, பிறகு 12 சதவீதம் வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு 5 சதவீதம். இதிலும் உள்ளீட்டு வரியைக் கழிக்க முடியாது. தங்குபவருக்கு லாபம். புதிதாக ஏசி, மெத்தை மாற்ற நினைத்திருந்த லாட்ஜ்காரருக்கு அவ்வளவு லாபம் இல்லை.

நட்சத்திர ஹோட்டல்கள் மட்டும் செழிப்பாக இருக்கின்றனவே?

சென்னை சுற்றுலாக்காரர் வந்து நான்கு நாள் தங்குகிற ஊர் இல்லை. வேலையாக வந்துபோகிற ஊர். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு வரும் கொரிய, ஜப்பானியப் பொறியாளர்கள், ஓஎம்ஆர் கம்பெனிகளுக்கு வருபவர்கள், நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் கண்காட்சிக்கு வருபவர்கள். ஆகவே நகருக்குள் திங்கள் முதல் வியாழன் வரை அறை கிடைக்காது, சனி ஞாயிறு காற்றாடும். ஈசிஆர் ரிசார்ட்டுகளில் இது அப்படியே தலைகீழ்.

1891லிருந்து கன்னிமாரா இருக்கிறது, 1974ல் தாஜ் கோரமண்டல், 1975ல் ஐடிசி நிறுவனத்தின் முதல் ஹோட்டலான சோழா, 2012ல் கிண்டியில் 600 அறைகளோடு கிராண்ட் சோழா. 2012, 13 வாக்கில் ஒரே மூச்சில் நிறைய அறைகள் வந்து, எல்லோரும் வாடகையைக் குறைத்துக்கொண்டு அடித்துக்கொண்டார்கள். இப்போது நிலைமை மேல். ஆனாலும் அடையாறு கேட் என்று நாம் சொல்லிப் பழகிய ஹோட்டல் 2023 டிசம்பரில் மூடப்பட்டது. அந்த இடம் அடுக்குமாடி வீடுகளுக்குப் போனது. ஆழ்வார்பேட்டை, அடையாறு போன்ற இடங்களில் நிலத்தின் விலையை அறை வாடகையால் எட்டிப் பிடிக்க முடியாது. ஹோட்டல் நன்றாக நடந்தாலும் அது இருக்கிற மண் அதைவிட மதிப்பாகிவிடுகிறது.

மழை, தண்ணீர்ப் பஞ்சம் இதெல்லாம் எவ்வளவு பாதிக்கிறது?

2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வற்றியபோது சில ஹோட்டல்கள் மதியச் சாப்பாட்டையே நிறுத்தின. ஒரு முழுச் சாப்பாட்டுக்கு எத்தனை கிண்ணம் கழுவ வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள், காரணம் புரியும். வாழை இலையும் பாக்குமட்டைத் தட்டும் அப்போது பலரைக் காப்பாற்றின. 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் பிரச்சினை வேறு: தரைக்குக் கீழே வைத்த ஜெனரேட்டரும் குளிர்பதன அறையும் முதலில் மூழ்கின. அதற்குப் பிறகு விவரமானவர்கள் ஜெனரேட்டரை மேடை கட்டி ஏற்றிவிட்டார்கள். புதிதாக இடம் பார்ப்பவர்கள் வாடகை கேட்பதற்கு முன்னால் "2015ல் இங்கே எவ்வளவு தண்ணீர்?" என்று பக்கத்துக் கடையில் கேட்கிறார்கள். கட்டட உரிமையாளர் உண்மையைச் சொல்லமாட்டார்.

ஹோட்டலில் எண்ணெயை எத்தனை முறை காய்ச்சுவார்கள்?

சட்டப்படி எண்ணெயில் சேரும் சிதைபொருள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதில் சமைக்கக் கூடாது. 2018 முதல் இந்த விதி இருக்கிறது. பயன்படுத்திய எண்ணெயை வாங்கி பயோடீசல் செய்ய எடுத்துப்போகும் நிறுவனங்கள் இப்போது ஹோட்டல் வாசலுக்கே வருகின்றன. பழைய எண்ணெய்க்கும் காசு கிடைக்க ஆரம்பித்ததும் பலர் ஒழுங்காகிவிட்டார்கள். எச்சரிக்கைப் பலகை செய்யாததைக் காசு செய்தது.

என் பையன் கேட்டரிங் படிக்கிறேன் என்கிறான். சேர்க்கலாமா?

அவனுக்குச் சமையலறைச் சூடு பிடிக்குமா என்று முதலில் பாருங்கள். பள்ளி விடுமுறையில் தெரிந்த ஹோட்டலில் ஒரு மாதம் விடுங்கள். வீடியோ பார்த்து வந்த ஆசையா, நிஜ ஆசையா என்பது அதற்குள் தெரிந்துவிடும்.

தரமணியில் மத்திய அரசின் ஹோட்டல் மேனேஜ்மெண்ட் கல்லூரி இருக்கிறது. அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுதி வர வேண்டும். அது கிடைத்தால் யோசிக்காமல் சேருங்கள். தனியார் கல்லூரி என்றால் "நூறு சதவீத வேலைவாய்ப்பு" என்ற பேனரை நம்ப வேண்டாம். வேலை எல்லோருக்கும் கிடைக்கும், ஆள்தான் இல்லையே. ஐந்து வருஷத்துக்கு முன் முடித்தவர்கள் இப்போது எங்கே, என்ன சம்பளத்தில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். முதல் இரண்டு மூன்று வருஷம் சம்பளம் குறைவு, கால் வலி அதிகம். தீபாவளி, பொங்கல் எல்லாம் மற்றவர்களுக்குப் பரிமாறுவதிலேயே போகும். அதைத் தாண்டியவர்களுக்குக் கப்பல், வளைகுடா, பெரிய ஹோட்டல்கள் என்று வழி திறக்கிறது.

ஒரு விஷயம்: மருத்துவமனை, கல்லூரி, கம்பெனி கேன்டீன்களையும் பார்க்கச் சொல்லுங்கள். பளபளப்பு இல்லாத வேலை. ஆனால் இரவு ஒன்பதுக்கு வீட்டில் இருக்கலாம்.

பெண்களுக்கு இந்தத் தொழில் சரிப்படுமா?

2013ல் தொடங்கிய அம்மா உணவகங்களில் தினமும் அத்தனை பேருக்கு இட்லியும் சாம்பார் சாதமும் சமைப்பது மகளிர் சுய உதவிக் குழுவினர்தான். அது நடக்கிறது. அப்படியிருக்க, தனியார் ஹோட்டலில் சரக்கு மாஸ்டராக ஒரு பெண்ணைப் பார்ப்பது ஏன் இவ்வளவு அபூர்வம்? கேட்டால் "பாத்திரம் கனமா இருக்கும்" என்பார்கள். உண்மையான தடை வேறு: உடை மாற்ற இடம் கிடையாது, தனிக் கழிப்பறை கிடையாது, இரவு பதினொன்றுக்கு வீட்டில் கொண்டுபோய் விட வண்டி கிடையாது. ஆள் இல்லை என்று புலம்புகிறவர்கள் ஊரின் பாதி ஆட்களைக் கேட்கவே இல்லை. ஒரு கழிப்பறை கட்டுவதற்கு ஆகும் செலவு புரோக்கர் கமிஷனைவிடக் குறைவு என்று என் வாடிக்கையாளர்களிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். காலை ஷிப்டுக்குப் பெண்களை மட்டுமே வைத்து நடத்தும் டிபன் கடைகள் புறநகரில் வரத் தொடங்கியிருக்கின்றன. எனக்கு நம்பிக்கை தருகிற விஷயங்களில் இது முதலில் வரும்.

ஐடி வேலையை விட்டுவிட்டு ஒரு கஃபே போடலாமா?

ஒரு வருஷ வாடகையும் சம்பளமும் வியாபாரமே இல்லாமல் கொடுக்கக் கையில் இருந்தால் யோசிக்கலாம். இல்லையென்றால் வேண்டாம். சென்னையில் கடைக்குப் பத்து மாத அட்வான்ஸ் கேட்பார்கள், உள்அலங்காரத்தில் சேமிப்பு கரைந்துவிடும், திறப்பு விழாவுக்கு நண்பர்கள் வருவார்கள். மூன்றாவது மாதம் நண்பர்கள் வரமாட்டார்கள்.

இடம் பார்க்கும்போது மெட்ரோ இரண்டாம் கட்டப் பாதையையும் பாருங்கள். ஆற்காடு சாலையிலும் மயிலாப்பூரிலும் வாசலில் தகரத் தடுப்பு நின்றதால் வருஷக்கணக்கில் வாடிக்கையாளரை இழந்த ஹோட்டல்கள் உண்டு. அந்தத் தடுப்புகள் எடுத்த பிறகு, ஸ்டேஷன் வாசல் எங்கே வருகிறதோ அங்கே காலை வியாபாரம் பிய்த்துக்கொண்டு போகும். அதை எதிர்பார்த்து இப்போதே இடம் பிடிப்பவர்களும் இருக்கிறார்கள்.

இயந்திரம் வந்தால் ஆள் பிரச்சினை தீர்ந்துவிடுமா?

கொஞ்சம். பாத்திரம் கழுவும் இயந்திரம், காய் நறுக்கும் இயந்திரம், சப்பாத்தி இயந்திரம் எல்லாம் வந்துவிட்டன. யாருக்கும் செய்யப் பிடிக்காத வேலைகள் இவை. முதலில் இங்கேதான் வாங்க வேண்டும். உணவு கொண்டுவரும் ரோபோ குழந்தைகளுக்கு நன்றாக இருக்கும்.

கிளீனராகச் சேர்ந்து சொந்தக் கடை வரை ஏறுகிற அந்தப் பழைய ஏணி, புதிதாக வருகிறவர்களுக்கு இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் ஹோட்டலுக்கு வெளியே. மாலையில் தரமணி, பெருங்குடி, நாவலூர் பக்கம் போய்ப் பாருங்கள். மோமோ வண்டி, முட்டை ரோல் வண்டி, ஃப்ரைடு ரைஸ் வண்டி. வாணலி பிடித்திருப்பவர்களில் பலர் அசாமிலிருந்தோ வங்காளத்திலிருந்தோ வந்து, சில வருஷம் நம்மூர் ஹோட்டலில் வேலை பார்த்தவர்கள். "அண்ணா, காரம் போதுமா?" என்று தமிழில் கேட்பார்கள். கிருஷ்ணா ராவ் காலத்தில் நடந்தது இப்போதும் நடக்கிறது.

நல்ல மாஸ்டரைத் தெருவண்டிக்கு இழக்க வேண்டாம் என்று நினைக்கிற முதலாளி, அவருக்குக் கிளையில் சிறு பங்கு கொடுக்கலாம். லாபத்தில் ஐந்து சதவீதம் என்று ஒருவர் எழுதியே கொடுத்திருக்கிறார். அந்த மாஸ்டர் இந்த ஹோலிக்கு ஊருக்குப் போனபோது, திரும்பி வர டிக்கெட்டும் சேர்த்தே எடுத்துக்கொண்டு போனார்.

வியாபாரம் கூட இன்னும் என்ன வழிகள் இருக்கின்றன?

2022ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்த இரண்டு வாரம் ஈசிஆர் முழுக்க அறை கிடைக்கவில்லை. அந்த மாதிரி நிகழ்ச்சிகள் வருஷத்துக்கு நான்கைந்து வந்தாலே போதும். மார்கழியில் கல்யாணம் இல்லாததால் மண்டபங்களும் பாங்க்வெட் ஹால்களும் தூங்குகின்றன. அதே மார்கழியில் சபா கேன்டீன்களில் வரிசை வாசல் தாண்டுகிறது. கச்சேரி கேட்காதவர்களும் சாப்பிட வருகிறார்கள். ஆடியில் அப்படி ஒன்றும் இல்லை. கூழும் கிராமியச் சமையலும் வைத்து ஆடியை யாராவது பிடிக்கலாம் என்று எனக்கு ஓர் ஆசை. இதுவரை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

டிப்ஸை எப்படிக் கொடுத்தால் அது அவரிடம் போய்ச் சேரும்?

பணமாக, கையில். கல்லாவில் உள்ள க்யூஆர் கோடுக்கு அனுப்பினால் அது முதலாளியின் வங்கிக் கணக்குக்குத்தான் போகும். நாணயமானவர்கள் மாலையில் பிரித்துக் கொடுப்பார்கள், மற்றவர்கள் மறந்துவிடுவார்கள். சப்ளையரிடம் கொடுக்கும்போது மேசை துடைக்கிற பையனுக்கும் ஒரு பத்து ரூபாய் தனியாகக் கொடுங்கள். பொதுப் பெட்டியில் விழுந்தால் அவன் பங்குதான் கடைசியில் வரும்.